வீட்டில் தமிழ் இல்லாத பிள்ளை

வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே ஆசிரியர் அறையில் இந்த வாக்கியம் உங்கள் காதில் விழும்: “அந்தப் பிள்ளைக்கு வீட்ல தமிழ் கிடையாது, மேடம்.” சொல்கிறவர் கெட்டவராக இருக்க மாட்டார். டீயை ஆற்றிக்கொண்டே, இரக்கப்பட்டுத்தான் சொல்வார். நீங்களும் ‘ஐயோ பாவம்’ என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த வகுப்புக்குக் கிளம்பிவிடுவீர்கள். கிளம்பாதீர்கள். அங்கேயே நின்று இன்னொரு கேள்வி கேளுங்கள். ‘அந்தம்மா கேள்வி கேட்டே ஆளக் கொன்னுரும்’ என்று எனக்கு ஒரு கெட்ட பெயர் உண்டு. சம்பாதித்ததில் அது ஒன்றைத்தான் நான் இன்றுவரை பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. அறிவியல் டீச்சராகச் சேர்ந்து, கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாகப் போய், அங்கேயே ஓய்வு பெற்றேன். பாடம் நடத்துவது எப்படி, திட்டம் எழுதுவது எப்படி என்பதெல்லாம் பயிற்சியில் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். அதில் நான் வாயைத் திறக்கப் போவதில்லை. ஒரு பிள்ளை மார்க் குறைவாக வாங்கினால் நாம் காரணம் சொல்கிறோமே, அந்த இடத்தைப் பற்றி மட்டும்தான் இன்றைக்குப் பேச்சு.

முதலில் வேலை பார்த்தது வத்திராயிருப்புப் பக்கம். கான்சாபுரம், சுந்தரபாண்டியத்திலிருந்தெல்லாம் பிள்ளைகள் வருவார்கள். வீட்டில் தமிழ், தெருவில் தமிழ், மாட்டைத் திட்டுவதும் தமிழில்தான். அந்தப் பிள்ளைகள் தமிழ்ப் பாடத்திலேயே பெயிலாவார்கள். நடவு, களையெடுப்பு என்று வந்துவிட்டால் பாதி பெஞ்சு காலி. பெயிலுக்கு நாங்கள் சொன்ன காரணம் நடவு. வீட்டு மொழியை யாரும் வாயில் எடுக்கவில்லை.

அதே பள்ளிக்கு ராணுவத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். வடக்கே அப்பாவோடு இருந்துவிட்டு, அவருக்கு எல்லைக்கு மாற்றலானதும் அம்மாவும் பிள்ளைகளும் ஊர் திரும்பியிருப்பார்கள். அந்தப் பையன்களுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியாது. வடக்கே வளர்ந்ததில் வீட்டிலும் வெளியிலும் வாயைத் திறந்தால் இந்தி. ஆசிரியர் அறையில் அதைப் பெருமையாகச் சொல்வோம்: “பயலுக்கு இந்தி தண்ணி பட்ட பாடு!” சாயங்காலம் உட்கார வைத்து எழுத்துச் சொல்லிக் கொடுப்போம். அடுத்த வருஷத்துக்குள் ஓடிவந்து மற்றவர்களைப் பிடித்துவிடுவான். ‘வீட்ல தமிழ் கிடையாது’ என்பது அங்கே ஒரு குறையாகவே யாருக்கும் படவில்லை. ஏன் படவில்லை? அந்தக் கேள்வி அப்போது எனக்கு வரவில்லை. ராஜபாளையத்துக்குப் போன பிறகுதான் வந்தது, வந்தது போகவே இல்லை.

நான் பொறுப்பேற்ற வருஷம், ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர் எங்கள் தமிழய்யா. தேய்த்த வெள்ளைச் சட்டை, கணீரென்ற குரல். செய்யுள் சொல்ல ஆரம்பித்தால் வராந்தாவில் போகிற பியூன் நின்று கேட்டுவிட்டுப் போவார். ஒரு நாள் என் அறைக்கு வந்து, அடுத்த வருஷம் பத்தாம் வகுப்புக்குக் கொண்டுபோக முடியாத பிள்ளைகள் என்று நாலைந்து பெயர் சொன்னார். இது பல இடங்களில் நடக்கிற பழக்கம், நீங்களும் பார்ப்பீர்கள். பத்தாம் வகுப்பில் தேர்ச்சி விழுக்காடு குறைந்தால் தலைமையாசிரியரை மேலே கூப்பிட்டு நிற்க வைத்துக் கேட்பார்கள். அதனால் தேறமாட்டாது என்று தோன்றுகிற பிள்ளையின் பெற்றோரை ஒன்பதாம் வகுப்பு முடிவிலேயே வரவழைத்து, நயமாகப் பேசி, டி.சி.யைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவது. அப்படிப் போகிற பிள்ளை வேறு பள்ளியில் சேருவது அபூர்வம். பெண் பிள்ளை என்றால் வீட்டில் சோறு பொங்கும், பிறகு மில்லுக்குப் போகும், அல்லது கல்யாணம்.

தமிழய்யா சொன்ன முதல் பெயர் சஸ்மிதா.

“என்ன காரணம், அய்யா?”

“வீட்ல தமிழ் கிடையாது, மேடம். இந்திக்காரப் பிள்ள. மில்லுல வேல பாக்க வந்த குடும்பம். பாவம், வகுப்புல வாயத் தொறக்க மாட்டா. அடிக்கடி லீவு வேற. பாடம் ஏறாட்டி பிள்ளை எப்படி வரும்?”

“வகுப்புல மொத ரேங்க் யாரு?”

ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார்.

“அவ வீட்ல என்ன பேசுவாங்க?”

“தெலுங்கு.”

“உங்க வீட்ல?”

அவர் சிரித்துவிட்டார். இந்த ஊரில் அது ரகசியமா என்ன? தமிழய்யா வீட்டில் தலைமுறை தலைமுறையாகத் தெலுங்குதான். “அது வேற, மேடம்,” என்றார்.

அந்த ‘அது வேற’ எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. எப்படி வேற? அதே வகுப்பில் துப்புரவுப் பணியாளர் குடியிருப்பிலிருந்து வந்த ஒரு பையன் கடைசி ரேங்க். அவன் வீட்டிலும் தெலுங்குதான். அவனுக்கு மட்டும், “வீட்ல தெலுங்கு, அதான் தமிழ் வரல” என்று ஆசிரியர் அறை சொன்னது. நான் சோதனைக் கூடத்தில் காலம் தள்ளியவள். ஒரே பொருளை இரண்டு குடுவையிலும் போட்டிருக்கிறேன், ஒன்றில்தான் நிறம் மாறியது என்றால், அந்தப் பொருள்தான் காரணம் என்று எழுதுகிற மாணவனுக்கு நான் மார்க் போட மாட்டேன். குடுவையில் வேறு என்னவோ கலந்திருக்கிறது. முதல் ரேங்க் பெண்ணின் அம்மா பட்டதாரி. சொந்த வீடு. படிப்பதைத் தவிர வேறு வேலை அவளுக்கு யாரும் வைப்பதில்லை. பெற்றோர் கூட்டம் என்றால் அப்பா முன் வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்பார். கடைசி ரேங்க் பையனுக்கு இதில் ஒன்றும் இல்லை. மொழி இரண்டு பேருக்கும் ஒன்று.

அப்போது பிடித்துக்கொண்ட வழக்கம் இது. ஒரு பிள்ளையின் குறைவுக்கு யாராவது காரணம் சொன்னால், அதே காரணத்தைத் தூக்கி முதல் ரேங்க் பிள்ளை மேல் வைத்துப் பார்ப்பேன். அங்கேயும் பொருந்தினால் அது காரணம் இல்லை, வெறும் சமாதானம்.

சஸ்மிதாவுக்கு என்ன கலந்திருக்கிறது என்று தெரியவில்லை. வகுப்புக்குள் போய்ப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் ஒல்லியாக ஒரு பெண், எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடை. “பேர் என்னம்மா?” என்றால் பெயரைச் சொன்னாள். “நல்லாயிருக்கியா?” என்றால் தலையை ஆட்டினாள். அவ்வளவுதான். அய்யா சொன்னது சரிதானோ என்று எனக்கே தோன்றியது.

பிறகு ஒரு நாள் காலையில் பிரஷர் மாத்திரை வாங்க அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கர்ப்பிணிப் பெண்கள் நிற்கிற வரிசைக்குப் பக்கத்தில் ஒரே சத்தம்.

“ஏ அண்ணாச்சி, வரிசைல வாங்க! மாசமா இருக்கவ எம்புட்டு நேரமா நிக்கா, கண்ணு தெரியலையா? நீங்க வருவீக, நேரா உள்ள போவீக, நாங்க என்ன வேடிக்க பாக்கவா வந்திருக்கோம்?”

நல்ல ராஜபாளையம் தமிழ். யாருடா இந்த வாயாடி என்று எட்டிப் பார்த்தால், எங்கள் பள்ளிச் சீருடை. சஸ்மிதா! அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டு பின்னால் போய் நின்றார். அவள் கூட வந்த கர்ப்பிணிப் பெண்ணைக் கைத்தாங்கலாக நர்ஸிடம் கொண்டுபோனாள். நர்ஸ் கேட்பதைத் தங்கள் மொழியில் அந்தப் பெண்ணிடம் கேட்டு, பதிலைத் தமிழில் சொன்னாள். எப்போது தலை சுற்றுகிறது, கால் வீங்குகிறதா, மாதவிலக்கு கடைசியாக எப்போது வந்தது, எல்லாம் அந்தச் சின்ன வாய் வழியாகப் போய்த் திரும்பி வந்தது. நான் என் வரிசையை விட்டு அவர்கள் பக்கம் போனேன்.

நர்ஸ் என்னைக் கண்டதும், “வாங்க டீச்சர். இவ உங்க ஸ்கூலா? நல்ல பிள்ளையப் பெத்திருக்காக. மில்லுக்காரக வந்தா இவ வேணும். இவ வராட்டி எங்களுக்குக் கை ஒடிஞ்ச மாதிரி,” என்றாள்.

என்னைப் பார்த்ததும் சஸ்மிதாவின் முகம் மாறியது. ஆஸ்பத்திரியில் நின்ற பெண் காணாமல் போய், கடைசி பெஞ்சுப் பெண் வந்து நின்றாள். லீவு எதற்கென்று இப்போது புரிந்தது. தமிழ் தெரியாததால் பள்ளிக்கு வரவில்லை என்று நாங்கள் நினைத்தோம். தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்தி என்பதால்தான் வரவில்லை. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனக்கு. சாயங்காலம் இதைச் சொன்னபோது தமிழய்யா நம்பவில்லை. “நம்ம சஸ்மிதாவா? வேற யாரையாவது பாத்திருப்பீங்க,” என்றார்.

“அப்ப நேர்ல வந்து பாருங்க,” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவரையும் இழுத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். ஊருக்கு வெளியே, மில்லை ஒட்டி, ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்ட லைன் வீடுகள். அம்மா இரவு ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்பா வேலைக்குப் போயிருந்தார். சஸ்மிதா வாசலில் உட்கார்ந்திருந்தாள், சுற்றி நாலு பெண்கள். ஒருத்திக்குக் கேஸ் சிலிண்டர் பதிவு செய்யணும். ஒருத்திக்குச் சூப்பர்வைசரிடம் லீவு கேட்டுப் பேசணும். எங்களைப் பார்த்ததும் நாற்காலி தேடி ஓடினார்கள். வகுப்பில் நாங்கள் கேட்டும் வராத குரலில் அவள் எல்லோருக்கும் வேலை சொன்னாள்.

“உங்க வீட்ல இந்தி பேசுவீங்கல்ல?” என்று அய்யா பேச்சை ஆரம்பித்தார்.

“இல்ல சார். நாங்க ஒடிசா. ஒடியா பேசுவோம். இந்தி எனக்குச் சரியா வராது.”

அய்யா என்னைப் பார்த்தார். ஆறாம் வகுப்பில் சேர்ந்ததிலிருந்து அவள் எங்கள் பள்ளியில் படிக்கிறாள். அவள் வீட்டு மொழியைக் காரணமாக எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறோம். அது என்ன மொழி என்று ஒரு ஜீவன் கேட்டதில்லை. வடக்கேயிருந்து வந்தால் இந்தி, முடிந்தது கதை. இப்படி ஒரு கூத்து!

இரண்டாம் வகுப்பிலிருந்து இந்த ஊரில் இருப்பதாகச் சொன்னாள். தெருப் பிள்ளைகளோடு விளையாடியே தமிழ் வந்துவிட்டதாம்.

“அப்ப வகுப்புல ஏம்மா பேசுறதே இல்ல?” என்றேன்.

அவள் தமிழய்யாவைப் பார்த்துவிட்டுத் தயங்கினாள். பிறகு சொன்னாள். “ஆறாங்கிளாஸ்ல வாசிக்கச் சொன்னாக, மேடம். திக்கித் திக்கி வாசிச்சேன். எல்லாரும் சிரிச்சாக. சார், ‘சிரிக்காதீங்கலே, பாவம், இந்திக்காரப் பிள்ள, விட்டுருங்க’ன்னாக. அதுக்குப் பொறவு என்னய யாரும் எழுப்பி விடல.”

குற்றம் சொல்கிற குரலே இல்லை அதில். நடந்ததைச் சொன்னாள். அய்யா அன்றைக்கு மனசார அவளைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார். அந்த இரக்கத்தில் மூன்று வருஷமாக ஒரு பிள்ளை வாசிக்காமலே உட்கார்ந்திருக்கிறது. திட்டியிருந்தால்கூட மறுநாள் இன்னொரு தரம் வாசிக்க வைத்திருப்பார்கள். தம்பிகளே, தங்கைகளே, ‘விட்டுருங்க’ என்ற சொல்லுக்கு மட்டும் பயப்படுங்கள்.

“ஆஸ்பத்திரிக்குப் போகாத. பள்ளிக்கூட நேரத்துல யாரு கூப்பிட்டாலும் வரமாட்டேன்னு சொல்லு,” என்றேன். நல்லது சொல்லிவிட்டதாக நினைப்பு எனக்கு.

“அது முடியாது, மேடம்.”

“ஏன்?”

“நான் போகாட்டி அவுகளுக்கு என்ன மாத்திரைன்னு யாரு சொல்லுவா? போன வருசம் ஒரு அக்காவுக்குப் பிள்ள தங்கலன்னு டாக்டர் சொன்னாக. அதயும் நான்தான் சொன்னேன்.” டீயை ஆற்றி எங்களிடம் நீட்டினாள். “நான் அழுதா அந்த அக்கா பயந்துருவாக. அதுனால யாரு என்ன சொன்னாலும் கூடக் கொறைய இல்லாம அப்படியே சொல்லிருவேன். மூஞ்சிய மாத்த மாட்டேன். அங்க நான் பேசுனாத்தான் காரியம் நடக்கும், மேடம். ஸ்கூல்ல நான் பேசாட்டியும் எல்லாம் நடக்கு.”

கேள்வி கேட்டே ஆளைக் கொல்கிறவள், அன்றைக்கு அவள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் தமிழய்யா, “பேச்சு வேற, எழுத்து வேற, மேடம். பரீட்சை எழுத்துலல்ல நடக்கு? ‘வாரேன் போறேன்’னு எழுதுனா யாரு மார்க் போடுவா?” என்றார். கோபமாக இருந்தது, ஆனால் அவர் சொன்னதில் உண்மை உண்டு. சரளமாகப் பேசுகிற பிள்ளைக்குப் பாடப்புத்தகத் தமிழ் தானாக வந்துவிடும் என்று நினைப்பது இன்னொரு ஏமாற்று. வத்திராயிருப்புப் பிள்ளைகள் எனக்கு அதைத்தான் காட்டியிருந்தார்கள். புத்தகத் தமிழ் எல்லோருக்கும் கொஞ்சம் அந்நிய மொழிதான். அதை வீட்டில் யாராவது பழக்கிவிட்டால் பிழைத்தோம். பழக்க ஆள் இல்லாத பிள்ளைக்கு நாம்தான் கதி.

ஆண்டுத் தேர்வு வந்தது. சஸ்மிதா அறிவியலில் சுமாராகத் தேறியிருந்தாள், தமிழிலும் சமூக அறிவியலிலும் தேறவில்லை. அதே வாரம் தலைமையாசிரியர்கள் கூட்டம். தேர்ச்சி குறைந்த பள்ளிக்காரர்களை எழுப்பி நிற்க வைத்துக் கேட்டார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், பிள்ளைகளைப் பேரன் பேத்தியாகப் பார்க்கிற மனுஷர், தலை குனிந்து நின்றார். நான் பயந்துதான் போனேன். அடுத்த வருஷம் அந்த இடத்தில் நான் நிற்பேன் என்று தெரிந்தது. பள்ளிக்குத் திரும்பியதும் தமிழய்யா, “அவ அப்பாவ வரச் சொல்லட்டுமா, மேடம்?” என்றார். “வரச் சொல்லுங்க,” என்றேன். ஒரு முடிவுக்கும் வராமல்தான் சொன்னேன்.

அப்பா ஷிப்ட் முடிந்த கையோடு வந்தார். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசி. என் அறையில் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எங்களுக்கு ஒடியா தெரியாது. நாங்கள் மொழிபெயர்க்க ஆள் தேடவில்லை, தேட வேண்டும் என்று தோன்றவும் இல்லை. ஏனென்றால் அவர் கூட, வழக்கம்போல, சஸ்மிதா வந்து நின்றாள்.

தமிழய்யா தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். “உங்க பொண்ணு நல்ல பொண்ணு. ஆனா பாடத்துல ரொம்ப மட்டம். பத்தாவது போனா தேற மாட்டா. அதுனால டி.சி. தர்றோம், வேற ஸ்கூல் பாத்துக்கோங்க.”

அவள் அப்பாவிடம் திரும்பவில்லை. அய்யாவைத்தான் பார்த்தாள்.

“வேற ஸ்கூல் நீங்க பாத்துக் குடுப்பீங்களா, நாங்களே பாக்கணுமா, சார்? அப்பா அதக் கேப்பாரு.”

“நீங்களே பாக்கணும்மா,” என்றார் அய்யா. குரல் பாதியாக இறங்கியிருந்தது.

அவள் அப்பாவிடம் சொன்னாள். ஆஸ்பத்திரியில் பார்த்த அதே முகம். நிதானமாக, ஒவ்வொரு வாக்கியமாக. எதையும் விடவும் இல்லை, இனிப்புத் தடவிக் கொடுக்கவும் இல்லை. அப்பாவின் முகம் வாடிக்கொண்டே வந்ததில் அது தெரிந்தது. எந்த வயதுப் பிள்ளை, தன்னை வெளியே அனுப்புகிற செய்தியைத் தன் வாயாலேயே அப்பாவுக்குச் சொல்லும்? அய்யா மேசையில் இருந்த பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார்.

அப்பா ஏதோ கேட்டார்.

“அவ என்ன தப்பு செஞ்சான்னு அப்பா கேக்காரு,” என்றாள்.

‘நான்’ என்று சொல்லவில்லை. ‘அவ.’ ஆஸ்பத்திரியில் மற்றவர்களைச் சொல்வதுபோல.

“தப்பெல்லாம் ஒண்ணும் செய்யல,” என்றார் அய்யா. அதையும் அப்பாவிடம் சொன்னாள். அப்பா இன்னொன்று கேட்டார்.

“அப்படின்னா, இன்னும் ஒரு வருசம் இருந்தா அவளால முடியுமா முடியாதான்னு கேக்காரு. மேடம் சொல்லட்டும்ங்காரு.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டத்தில் தலை குனிந்து நின்ற மனுஷர் ஞாபகம் வந்தது. நேரம் கடத்த நினைத்தேனோ என்னவோ, அவளையே கேட்டேன்: “நீ என்ன நினைக்க, சஸ்மிதா? உன்னால முடியுமா?”

“அத நான் சொல்லக் கூடாது, மேடம்,” என்றாள். “அப்பா உங்களல்ல கேட்டிருக்காரு.”

அடடா! இவளுக்கா மொழி இல்லை என்றோம்? இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று, தன் தலையே உருளும்போதும், ஒரு சொல்லைத் தன் பக்கம் சாய்க்காத பிள்ளை. இவளை ஒரு வருஷத்தில் புத்தகத் தமிழுக்குக் கொண்டுவர முடியாவிட்டால் கோளாறு இவளிடம் இல்லை. என் பயமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை.

“அப்பாட்ட சொல்லு,” என்றேன். “உன்னால முடியும்னு பெரிய டீச்சர் சொல்லுதாக. நீ இந்த ஸ்கூல்லயேதான் படிக்கப் போற. டி.சி. கிடையாது.”

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். பத்தாவதில் தேறினாளா என்று கேட்க உங்களுக்கு நாக்கு துடிக்கும். தேறினாள். தமிழில் பெரிய மார்க் ஒன்றும் இல்லை, ஆனால் தேறினாள். தமிழய்யா அந்த வருஷம் முழுக்க வாசிக்க எழுப்புகிற முதல் ஆள் அவள்தான். திக்கினால் நின்று காத்திருப்பார், யாராவது சிரித்தால் அடுத்து அவனை எழுப்புவார். நர்ஸிடம் பேசி, மில் பெண்கள் வருவதைச் சனிக்கிழமைக்கு மாற்றினோம். ‘நீ ஒருத்தியே எத்தன நாளைக்கு ஓடுவ, அவங்களுக்கும் சொல்லிக் குடு’ என்று சொன்னதில், லைன் வீட்டில் நாலைந்து பெண்கள் ஆஸ்பத்திரிக்கு வேண்டிய அளவு தமிழ் கற்றுக்கொண்டார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவசரம் என்றால் அப்போதும் ஓடினாள், நாங்களும் விட்டோம். துப்புரவுக் குடியிருப்புப் பையனுக்கு இந்த அளவுகூட எங்களால் செய்ய முடியவில்லை. அவன் பாதியில் நின்றுவிட்டான். அவன் குடுவையில் என்ன கலந்திருந்தது என்று நான் சரியாகப் பார்க்கும் முன்பே போய்விட்டான். அது இன்னும் உறுத்துகிறது. இப்படி ஒரே வகுப்பில் ஒருத்தி தப்பிப்பதும் ஒருவன் நழுவுவதும் ஏன் என்று நீங்களாவது பார்த்துச் சொல்லுங்கள்.

அறைக்கு வருவோம். சஸ்மிதா வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை என்றேன். மறுபடி முயன்றாள். உதடு கோணியது. ‘தேற மாட்டா’ என்பதை முகம் மாறாமல் சொன்னவள், ‘முடியும்’ என்பதைச் சொல்ல முடியாமல், துப்பட்டாவை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். அப்பா பதறிப் போய் எழுந்தார். நாங்கள் மோசமாக என்னவோ சொல்லிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கும்பிட ஆரம்பித்தார். எனக்கோ அவர் மொழியில் ஒரு சொல் தெரியாது. “இல்லங்கய்யா, உக்காருங்க, உக்காருங்க,” என்று கையை ஆட்டுகிறேன், அவர் இன்னும் குனிந்து கும்பிடுகிறார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

கடைசியில் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, இரண்டே சொல்லில் ஏதோ சொன்னாள். கும்பிட்ட கை அப்படியே நின்றது. அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெல்ல ஏதோ கேட்டார்.

“என்னம்மா கேக்காரு?”

“இன்னொரு தடவ சொல்லச் சொல்லுதாரு, மேடம்.”

நான் வாயைத் திறக்கும் முன் தமிழய்யா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

“முடியும்னு சொல்லும்மா,” என்றார். “இந்தத் தடவ நான் சொல்லுதேன்னு சொல்லு.”